கோதுமையில் மணி உதிராமை

கோதுமையில் மணி உதிராமை என்பது, முதிர்ந்த மணிகள் அறுவடை வரை கதிரிலேயே தங்கி நிற்கும் பண்பாகும். காட்டுக் கோதுமை தன் விதையைத் தானே பரப்பும். பயிர்க் கோதுமையோ மனிதர் விதைத்தாலன்றிப் பெருகாது.

காட்டுக் கோதுமை

காட்டு எம்மர், காட்டு ஐன்கார்ன் ஆகியவை மேற்காசியாவின் வளமான பிறைப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கதிர்த்தண்டு முதிர்ந்ததும் கணுக்களில் முறிந்துவிடும். மணியும் உமியும் அடங்கிய சிறுகதிர்கள் தனித்தனியே நிலத்தில் விழும். தானே முறிந்த இடத்தில் வழுவழுப்பான தழும்பு காணப்படும்; அடித்துப் பிரித்த பயிர்க் கதிரில் அது கரடுமுரடாக இருக்கும். அகழ்வாய்வில் கிடைக்கும் கரிந்த கதிர்த் துண்டுகளில் காட்டு வகையையும் பயிர் வகையையும் பிரித்தறிய இத்தழும்பு உதவுகிறது.

மாற்றம் நிகழ்ந்த காலம்

தகுந்த முறையில் அறுத்து விதைத்து வந்தால் இம்மாற்றம் 20 முதல் 200 ஆண்டுகளில் நிறைவுறலாம் என கார்டன் ஹில்மன், ஸ்டூவர்ட் டேவிஸ் ஆகியோர் 1990இல் கணித்தனர். அகழ்விடங்களில் கிடைத்த தழும்புகளை ஆராய்ந்த தன்னோ, வில்காக்ஸ் ஆகியோர், இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலானது என 2006இல் காட்டினர்.

மரபியல்

எம்மர் கோதுமையில் ஏ, பி என இரு மரபணுத்தொகுதிகள் உள்ளன. இரண்டிலும் உள்ள பிடிஆர்1 மரபணுக்கள் செயலிழந்தால்தான் கதிர்த்தண்டு முறியாது. காட்டு எம்மரின் மரபணுத்தொகுதியை வெளியிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

தண்டு முறியாவிடினும் மணியை உமி இறுகப் பற்றியிருக்கலாம். தமிழ்நாட்டில் சம்பா கோதுமை எனப்படும் எம்மர் இத்தகையது. இதன் உமியைத் தனியே நீக்க வேண்டும். ரொட்டிக் கோதுமையில் மணி எளிதில் பிரிவதற்கு 5ஏ நிறப்புரியிலுள்ள கியூ மரபணு முக்கிய காரணமாகும்.

இன்றைய பயிர்ப்பெருக்கம்

இன்றைய வகைகளில் தண்டு முறிவதில்லை. உமி தளர்ந்து மணி உதிர்வதே இழப்புக்குக் காரணம். முன்னர் பயிரைச் சற்று முன்கூட்டியே அறுத்துக் கட்டுகளாக உலர்த்தினர். கூட்டு அறுவடை இயந்திரம் வந்தபின் பயிர் வயலிலேயே நன்கு காயும் வரை நிற்க வேண்டியதாயிற்று. அப்போது வீசும் பலத்த காற்று விளைச்சலைக் குறைக்கும். எனவே முதிர்ந்த பயிரை அறுக்காமல் சில காலம் நிற்கவிட்டு, உதிர்ந்த மணிகளை எண்ணி வகைகளை ஒப்பிடுவர். உமி மிக இறுகினால் கதிரடிப்பது கடினம். மிகத் தளர்ந்தால் மணி வயலிலேயே உதிரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவே விரும்பத்தக்கது.

மஞ்சள் துரு நோயை எதிர்க்கும் ஒய்ஆர்15 போன்ற மரபணுக்கள் காட்டு எம்மரிலிருந்தே பெறப்பட்டன. ஆனால் முறியும் பண்பு ஓங்கு பண்பாதலால், இக்கலப்பில் அது மீண்டும் வெளிப்படும். அதனைப் பின்வரும் தலைமுறைகளில் தேர்ந்து நீக்க வேண்டும்.