பழைய டிராக்டரை அடையாளம் காண்பது எப்படி?

பாபநாசம் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு கொட்டகை ஓரத்தில் ஓடாமல் நிற்கும் பழைய சிவப்பு டிராக்டரை நீங்கள் பார்த்திருக்கலாம். முகப்பிலிருந்த பெயரெழுத்துகள் உதிர்ந்திருக்கும். அது எந்த மாடல் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உண்மையைக் கண்டறிவது எப்படி?

முதலில், எளிதில் மாற்றக்கூடியதை நம்பாதீர்கள். வண்ணத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். முகப்பு மூடியை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். மாற்றக் கடினமான பகுதிகளே நல்ல சாட்சிகள். அவற்றுள் முக்கியமானது எஞ்சின்.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். குறுவையை அறுத்த வயலில் தாளடி நடுவதற்குள் கிடைக்கும் நாட்கள் சொற்பம். விரைவாக உழ இயந்திரம் தேவைப்பட்டது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம், மாஸி பெர்கூசன் வடிவமைப்பில் டிராக்டர்களைச் செய்தது. 1963-இல் மும்பையில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி, பி-275 என்ற மாடலைச் செய்தது. டாஃபேயின் 1035-உம் இந்த பி-275-உம் ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்டவை. நிறமும் சிவப்பே!

இவற்றை எப்படிப் பிரித்தறிவது? எண்ணத் தெரிந்தால் போதும். எரிபொருள் பம்பிலிருந்து சிலிண்டர்களுக்குச் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் 1035 ஆகலாம். நான்கு இருந்தால் பி-275 ஆகலாம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட மாஸி பெர்கூசன் 35 டீசல் வண்டியிலும் தொடக்கத்தில் நான்கு சிலிண்டர்களே இருந்தன. 1959-இல்தான் மூன்று சிலிண்டர் கொண்ட பெர்கின்ஸ் 3.152 எஞ்சின் அதில் இடம்பெற்றது. இந்த எண்ணிலும் ஒரு செய்தி உண்டு: 3 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 152 என்பது கன அங்குலத்தில் அவற்றின் மொத்தக் கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டன் நகரும் தொலைவு 5 அங்குலம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை ஏறத்தாழ 152 வரும்.

எஞ்சினையே மாற்றியிருந்தால்? அதனால்தான் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. வரிசை எண் பொறித்த தகடு, கியர்பெட்டி, பின்புற ஹைட்ராலிக் அமைப்பு, வார்ப்புகளில் உள்ள எண்கள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஒரு வார்ப்பில் 1968 என்று இருந்தால், அந்தப் பகுதி அதற்கு முன் செய்யப்படவில்லை என்றே பொருள். வண்டி முழுவதும் 1968-இல் பிறந்தது என்று பொருளல்ல. பழைய கட்டடங்களுக்குக் காலம் கணிப்போரும் இப்படித்தான் சிந்திக்கிறார்கள்.

இதனால் என்ன பயன்? மாடல் தெரியாமல் வாங்கும் உதிரிப்பாகம் பொருந்தாது, பணம் வீண். பொருந்தாத வண்டி கடைசியில் பழைய இரும்புக்குப் போகும். பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் உள்ள நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தை வரலாற்றுச் சின்னமாகப் போற்றுகிறோம். நெல் விளைவித்த இயந்திரமும் அதே வரலாற்றின் பிற்காலப் பக்கமே. ஆகவே, பழைய டிராக்டரைக் கண்டால் தகட்டிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வண்ணம் அடிப்பவர், அந்தத் தகட்டின்மேல் மட்டும் தூரிகை படாமல் பார்த்துக்கொள்ளட்டும்!