தமா சென்டர் குளிர்கால ஒளி அலங்காரம்

ஜப்பானில் தோக்கியோவின் மேற்கே, தமா நகரின் தமா சென்டர் எனும் புறநகர் ரயில் நிலையப் பகுதியில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் புத்தாண்டு கடந்தும் நீடிக்கும் பொது விளக்கு அலங்காரம். கெயோ (1974), ஒடாக்யூ (1975) ரயில்பாதைகளும் மோனோரயிலும் (2000) இங்கு வந்துசேர்ந்தன. நிலையத்திலிருந்து பார்த்தெனான் தமா கலையரங்கம் நோக்கிச் செல்லும், வாகனம் புகாத அகன்ற நடைவீதியின் கற்பூர மரங்களே முதன்மைக் களம். திசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைவதால், வேலை முடிந்து குடியிருப்புகளுக்குத் திரும்பும் பயணிகள் அனைவருக்கும் இவ்வொளி வாய்க்கிறது. சுற்றுலாத் தலங்களின் அலங்காரங்களிலிருந்து இவ்வலங்காரத்தை வேறுபடுத்துவது, அன்றாடப் பயணிகளுக்கு எட்டும் இப்பண்பே. இவ்வகை அலங்காரம் 1981இல் சப்போரோ நகரிலும் 1986இல் செந்தாய் நகரிலும் தொடங்கி நாடெங்கும் பரவியது. அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய அறிவியலாளர்களுக்கு 2014இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நீல எல்.இ.டி., குறைந்த மின்செலவில் வெண்ணிற, நீல விளக்குகளுக்கு வழிவகுத்தது. வீதியைக் காணக் கட்டணமில்லை.