ஒலிம்பியாட் அணியில் உங்கள் பிள்ளைக்கு இடமுண்டா? வயது, வகுப்பு, குடியுரிமை விதிகள்

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை. ஆசிரியரும் ஊக்கம் கொடுக்கிறார். பள்ளி அளவில் வென்று, மாநில அளவிலும் பேர் வாங்கியாகிவிட்டது. ஆனால், நாட்டைப் பிரதிநிதிக்கும் அணிக்கான தேர்வு வரும்போது, 'வயது கடந்துவிட்டது' என்றோ 'இனி நீங்கள் பள்ளி மாணவர் அல்ல' என்றோ பதில் வருகிறது. திறமை இருந்தும் தேதியால் வாய்ப்பு நழுவுவது மிகப் பெரிய ஏமாற்றம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளைகளில் சிலருக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்தவர்கள், சக வகுப்பு மாணவர்களைவிட ஒரு வயது மூத்தவர்கள். பள்ளியில் அது பெரிய விஷயமில்லை. போட்டி விதிகளில் அந்த ஓராண்டே ஒரு வாய்ப்பைத் தீர்மானித்துவிடும். ஆகவே, விதிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் போட்டி, எத்தனை பேர்?

அனைத்துலக அளவில் பள்ளி மாணவர்களுக்கான அறிவுப் போட்டிகளில் மூத்தது அனைத்துலகக் கணித ஒலிம்பியாட். 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. சிங்கப்பூர் 1988-லும் மலேசியா 1995-லும் முதன்முறை கலந்துகொண்டன. பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணினி ஆகியவற்றுக்கும் தனித்தனி ஒலிம்பியாட்கள் உண்டு.

ஒரு நாடு அனுப்பக்கூடிய மாணவர் எண்ணிக்கை குறைவு.

கணிதம்: 6 பேர் வரை
பௌதிகம்: 5 பேர் வரை
இரசாயனம்: 4 பேர் வரை
உயிரியல்: 4 பேர் வரை
கணினி: 4 பேர் வரை
இளையோர் அறிவியல் ஒலிம்பியாட்: 6 பேர் வரை

'அணி' என்று சொன்னாலும் கணித ஒலிம்பியாட் அதிகாரபூர்வமாகத் தனிநபர் போட்டியே. இரண்டு நாள், நாளுக்கு நான்கரை மணி நேரம், மூன்று கேள்விகள். ஒரு கேள்விக்கு 7 புள்ளி வீதம் மொத்தம் 42 புள்ளிகள். போட்டியாளர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பதக்கம் கிடைக்கும். பதக்கம் கிடைக்காதவர் ஒரு கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்திருந்தால் சிறப்புக் குறிப்பு வழங்கப்படும்.

முதல் விதி: வயது

பெரிய ஒலிம்பியாட்களின் வயது வரம்பு பொதுவாக இருபதைச் சுற்றியே இருக்கிறது. ஆனால், எந்த நாளில் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். கணித ஒலிம்பியாட்டில் இரண்டாம் நாள் தாள் எழுதும் தேதியில் 20 வயது நிறைந்திருக்கக் கூடாது. பௌதிகத்தில் ஜூன் 30. இரசாயனம், கணினி ஆகியவற்றில் ஜூலை 1.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி 2007 ஜூலை 3-ஆம் தேதி பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2027 ஜூலை 1 அன்று அவருக்கு 19 வயதுதான். எனவே, வயதைப் பொறுத்தவரை இரசாயன ஒலிம்பியாட்டுக்கும் கணினி ஒலிம்பியாட்டுக்கும் அவர் தகுதி பெறுகிறார். கணித ஒலிம்பியாட் வழக்கமாக ஜூலை நடுவில் நடைபெறும். அதற்குள் அவருக்கு 20 நிறைந்துவிடும். அங்கே இடமில்லை. ஒரே மாணவி, ஒரே ஆண்டு, இரண்டு வெவ்வேறு முடிவுகள்.

இளையோர் அறிவியல் ஒலிம்பியாட்டின் வரம்பு இன்னும் இறுக்கமானது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதி 15 வயதோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். அதாவது, அந்த ஆண்டில் 16 வயதை எட்டுபவர் கலந்துகொள்ள முடியாது.

புகுமுக வகுப்பு படித்தவர்கள் கவனிக்க

மலேசியாவில் ஏழு வயதாகும் ஆண்டில் முதலாம் ஆண்டு சேரும் பிள்ளை, 13 வயதாகும் ஆண்டில் படிவம் 1-லும், 15 வயதாகும் ஆண்டில் படிவம் 3-லும், 17 வயதாகும் ஆண்டில் படிவம் 5-லும் இருக்கும். புகுமுக வகுப்பு படித்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வயதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதன் விளைவு என்ன? இளையோர் அறிவியல் ஒலிம்பியாட் போன்ற, 15 வயது வரம்புள்ள போட்டியில் மற்றவர்களுக்குப் படிவம் 3 கடைசி வாய்ப்பு. புகுமுக வகுப்பு படித்தவருக்குப் படிவம் 2-லேயே அந்த வாய்ப்பு முடிந்துவிடும். படிவம் 3 வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று காத்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

மேல்நிலை ஆறாம் படிவத்திலும் இதே நிலைதான். வழக்கமான மாணவர் 19 வயதாகும் ஆண்டில் அங்கே இருப்பார். புகுமுக வகுப்பு வழியாக வந்தவர் 20 வயதாகும் ஆண்டில் இருப்பார். ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்தவர்களுக்கு அந்த ஆண்டு ஜூலைப் போட்டி எட்டாது. இவர்கள் படிவம் 4, படிவம் 5 ஆகிய ஆண்டுகளையே முக்கிய ஆண்டுகளாகக் கருதித் தயாராக வேண்டும்.

உள்நாட்டுப் போட்டிகளில் இது வேறு விதமாக அமையலாம். சில போட்டிகள் படிவத்தைப் பார்த்துப் பிரிவு பிரிக்கின்றன. வேறு சில, பிறந்த ஆண்டைப் பார்க்கின்றன. பெர்சாமா எனப்படும் மலேசியக் கணித அறிவியல் சங்கம் நடத்திவரும் தேசியக் கணித ஒலிம்பியாட்டில் பொங்சு, மூடா, சூலோங் என்று மூன்று பிரிவுகள் உண்டு. அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டுக்கான மலேசிய அணித் தேர்வில், 2020 முதல் ஐ.எம்.ஓ.என்.எஸ்.டி. என்ற தேர்வு இரண்டு கட்டங்களாக நடைபெற்று வருகிறது. சிங்கப்பூர்க் கணித ஒலிம்பியாட்டில் உயர்நிலை 1, 2 மாணவர்களுக்கு ஜூனியர் பிரிவு, உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு சீனியர் பிரிவு, தொடக்கக் கல்லூரி நிலையில் ஓப்பன் பிரிவு என்று வகுத்திருக்கிறார்கள். எதுவானாலும், அந்த ஆண்டின் சுற்றறிக்கையில் 'வகுப்பா, பிறந்த தேதியா' என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டாம் விதி: இன்னும் பள்ளி மாணவரா?

வயது சரியாக இருந்தாலும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் தகுதி போய்விடும். கணித ஒலிம்பியாட்டில், போட்டிக்கு முன் பல்கலைக்கழகத்திலோ அதற்கு இணையான உயர்கல்விக் கூடத்திலோ முழுநேர மாணவராகப் பதிவு செய்திருக்கக் கூடாது. பௌதிகத்தில், போட்டி ஆண்டில் பள்ளி இறுதித் தேர்வை முடித்தவர், பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்காதவரை அணியில் இருக்கலாம்.

கணினி ஒலிம்பியாட்டின் விதி எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு ஆறுதல் தரக்கூடியது. போட்டிக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் இடைநிலைப்பள்ளி மாணவராக இருந்திருந்தால் போதும். முந்தைய ஆண்டு படிவம் 5 படித்தவர் அந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறார்.

நம் பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிந்தைய படிப்பு. ஆறாம் படிவம் பள்ளிக்கல்விதான். அதில் ஐயமில்லை. மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கும் அடிப்படைக் கல்வி (அசாசி), பாலிடெக்னிக், டிப்ளோமா ஆகியவை ஒரே தட்டில் வைத்துப் பார்க்கப்படுவதில்லை. டிப்ளோமா மாணவர் உயர்கல்வி மாணவராகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். பிள்ளை தேர்வுப் பட்டியலில் இருந்தால், எந்தக் கல்விக்கூடத்திலும் பெயர் பதிவதற்கு முன் போட்டியின் தேசிய ஏற்பாட்டுக் குழுவிடம் எழுத்து வழியாகக் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதற்காக, கிடைத்த உயர்கல்வி இடத்தைப் போட்டிக்காக விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்படிப்பு இடமே முதன்மை. தேதிகள் மோதுமா என்பதை முன்பே தெரிந்துகொண்டால், பிள்ளை ஓராண்டு முன்னதாகவே முயன்று பார்க்க முடியும்.

மூன்றாம் விதி: குடியுரிமை, வசிப்பிடம், ஆவணம்

கணித ஒலிம்பியாட்டில் ஒருவர் தாம் பிரதிநிதிக்கும் நாட்டின் குடிமகனாகவோ அங்கு வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இரசாயன ஒலிம்பியாட்டில் அந்த நாட்டின் கடப்பிதழ் வைத்திருக்க வேண்டும், அல்லது அந்நாட்டு இடைநிலைக் கல்வியில் ஓராண்டுக்கு மேல் படித்திருக்க வேண்டும். கணினி ஒலிம்பியாட்டில் வெளிநாட்டில் படிக்கும் மாணவர் தம் சொந்த நாட்டைப் பிரதிநிதிக்கலாம். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால், அனைத்துலக விதி அனுமதித்தாலும், உள்நாட்டு ஏற்பாட்டாளர் 'குடிமக்கள் மட்டும்' என்று இன்னும் கடுமையான நிபந்தனை வைக்கலாம். அப்போது உள்நாட்டு விதியே செல்லும்.

தோட்டப்புறங்களில் இன்னும் சில குடும்பங்கள் பிறப்புப் பத்திரச் சிக்கலோடும் சிவப்பு அடையாள அட்டையோடும் போராடிக்கொண்டிருக்கின்றன. மைகார்டு 12 வயதில் எடுக்கப்படுகிறது. அந்த வயதிலேயே ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டால், படிவம் 4-இல் வாய்ப்பு வரும்போது ஓட வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரத்திலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் தேசியப் பதிவிலாகாவில் திருத்தும் வேலையை உடனே தொடங்குங்கள். வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்குக் கடப்பிதழ் இல்லாமல் போக முடியாது.

நான்காம் விதி: எத்தனை முறை, எவ்வளவு பயிற்சி?

கணித ஒலிம்பியாட்டில் தகுதி இருக்கும் வரை எத்தனை ஆண்டுகளும் கலந்துகொள்ளலாம். உயிரியல் ஒலிம்பியாட்டில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் கலந்துகொள்ள முடியாது.

இரசாயன ஒலிம்பியாட்டில் பயிற்சிக்கும் கட்டுப்பாடு உண்டு. அணி உறுப்பினர்கள் இடம்பெறும், 50 பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் சிறப்புப் பயிற்சி கொடுக்கக் கூடாது. முகாமில் எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. பிள்ளை முன்கூட்டியே சொந்தமாகப் படித்து வந்திருக்க வேண்டும். கணித ஒலிம்பியாட்டின் பழைய கேள்விகள் அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டணத்து டியூஷன் நிலையத்துக்குப் போக முடியாத பிள்ளைக்கும் அந்தக் கேள்விகள் எட்டும்.

மொழி பற்றிய அச்சமும் வேண்டாம். அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் மாணவர் ஒன்றோ இரண்டோ மொழிகளில் கேள்வித்தாளைக் கேட்டுப் பெறலாம். விடையில் பார்க்கப்படுவது நிரூபணமே. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் கற்ற பிள்ளை, மலாய், ஆங்கிலக் கலைச்சொற்களைப் படிவம் 1 முதலே பழகிக்கொண்டால் உள்நாட்டுத் தேர்வுகளிலும் தடுமாற்றம் இருக்காது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

'ஒலிம்பியாட்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பயன்படுத்துகிறார்கள். கட்டணம் கட்டிய எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலோருக்குப் பதக்கமும் தந்து அனுப்பும் போட்டிகளும் உண்டு. அனுபவத்துக்காகப் பிள்ளை அவற்றில் கலந்துகொள்வதில் தவறில்லை. ஆனால், நாட்டின் அணி என்பது அதுவல்ல. நாட்டின் அணிக்குக் கட்டம் கட்டமாகத் தேர்வு இருக்கும். ஒரு நாட்டுக்கு ஓர் அணிதான். கணித ஒலிம்பியாட்டில் அணியினரின் தங்குமிடத்தையும் உணவையும் போட்டியை ஏற்று நடத்தும் நாடே கவனித்துக்கொள்கிறது. 'உங்கள் பிள்ளை நாட்டைப் பிரதிநிதிக்கத் தேர்வாகிவிட்டார், இத்தனை ஆயிரம் ரிங்கிட் கட்டுங்கள்' என்று கடிதம் வந்தால், பணம் கட்டும் முன் பள்ளியில் விசாரியுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

படிவம் 1: பிறப்புப் பத்திரம், மைகார்டு, பள்ளிப் பதிவு மூன்றிலும் விவரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் நாட்டம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

படிவம் 2, 3: 15 வயது வரம்புள்ள போட்டிகளுக்கு இதுவே நேரம். புகுமுக வகுப்பு படித்தவர்கள் படிவம் 2-லேயே முயல வேண்டும்.

படிவம் 4: தேசியத் தேர்வுகளில் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். சில தேர்வுகளுக்குப் பள்ளி வழியாகப் பதிய வேண்டும். சுற்றறிக்கை வந்ததா என்று பாட ஆசிரியரிடமோ புறப்பாடத் துணைத்தலைமையாசிரியரிடமோ நீங்களே கேளுங்கள். கேட்காத இடத்தில் சுற்றறிக்கை கோப்பிலேயே தங்கிவிடுவதுண்டு.

படிவம் 5: எஸ்.பி.எம். அட்டவணையையும் தேர்வு முகாம் தேதிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

எஸ்.பி.எம். முடிந்தபின்: உயர்கல்விக் கூடத்தில் பதியும் தேதிக்கு முன், தகுதி நீடிக்குமா என்று எழுத்து வழியாகக் கேளுங்கள்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படலாம் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையையே இறுதியாகக் கொள்ள வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலே, அந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்காவது உரிய நேரத்தில் செய்தி போய்ச் சேரும்.