காரைக்குடி வீணை: ஒரு பாணி மாறின கதை

கிடார் பேண்டுகளைப் பத்தி எழுதுற நம்ம வலைப்பதிவு நண்பர்கள் ஒரு விஷயத்தை ரொம்ப ரசிச்சு எழுதுவாங்க. முதல் ஆல்பத்துல தந்தியை அடி பின்னி எடுத்தவர், நாலாவது ஆல்பத்துல எப்படி ஒரே ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினார்னு. கை ஏன் மாறுச்சு? வயசா, மேடையா, மைக்கா? இதே கேள்வியை எங்க காரைக்குடிப் பக்கம் திருப்பினா என்ன ஆகும்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு. இங்கேயும் ஒரு 'பேண்ட்' இருந்துச்சு மக்களே. ஆள் ரெண்டு பேர், கையில ரெண்டு வீணை.

காரைக்குடி சகோதரர்கள்னு சங்கீத உலகம் சொல்றது சுப்பராம ஐயரையும் சாம்பசிவ ஐயரையும். ஆனா பூர்வீகம் புதுக்கோட்டையை ஒட்டின திருக்கோகர்ணம். அப்பா சுப்பையா ஐயர் அந்தச் சமஸ்தானத்து வைணிகர். தலைமுறை தலைமுறையா வீணைதான் அந்த வீட்டுச் சொத்து. நகரத்தார் ஆதரவை நம்பி சகோதரர்கள் காரைக்குடி வந்து குடியேற, ஊர்ப் பேரே அவங்க பேராப் போச்சு. பர்மா, இலங்கை, மலாயான்னு கடல் தாண்டி வட்டித்தொழில் நடத்திய செட்டியார்கள் கோட்டை மாதிரி வீடு கட்டிக்கிட்டிருந்த காலம் அது. கோயில் திருப்பணின்னாலும் கல்யாணம்னாலும் நல்ல சங்கீதத்துக்குச் செலவு பண்ண ஆள் இருந்தாங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தீங்கன்னா ஒண்ணு கண்ணுல படும். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நெட்டுக்குத்தா நிமிர்த்திப் பிடிச்சிருப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் நாம எல்லாரும் பார்த்த மாதிரி மடியில படுக்கவச்சு. ஒரே வீடு, ஒரே பயிற்சி, பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வாசிப்பு, ஆனா பிடிமானமே வேற! 'பரம்பரை'ன்னா அச்சுல வார்த்த மாதிரி இருக்கணும்னு நினைக்கிறவங்க அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கணும்.

வீணை தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. பலாமரத்துல செஞ்ச உடம்பு, மெழுகுல பதிச்ச 24 மெட்டுகள், வாசிக்க 4 தந்தி, பக்கவாட்டில் தாளத்துக்கு 3 தந்தி. ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போக ரெண்டு வழி. மெட்டு மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். இல்லாட்டி விரலை மெட்டு விட்டு மெட்டுக்கு நகர்த்தலாம். எதை எவ்வளவு செய்யறீங்க, எத்தனை தடவை மீட்டறீங்க என்பதுலதான் பாணிக்குப் பாணி வித்தியாசமே.

காரைக்குடிப் பாணியோட அடையாளம் அழுத்தமான, தெளிவான மீட்டு. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா முத்து உதிர்ந்த மாதிரி விழணும். இடது கையில ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் பிரிச்சு வச்சு வாசிக்கிற முறை. லயத்துல துளியும் சமரசம் கிடையாது. வாய்ப்பாட்டை அப்படியே நகலெடுக்கறதை விட வீணைக்குன்னு இருக்கற குணத்தை வெளியே கொண்டு வரணும்ங்கற பிடிவாதம். அதனாலதான் தானம் இவங்க கையில தனி அழகு. சுண்டு விரல் பக்கத் தந்திகள்ல தாளம் போட, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையோட மிருதங்கமும் சேர்ந்தா எப்படி இருந்திருக்கும்! தானத்துக்கு மிருதங்கம் சேர்த்துக்கிற வழக்கம் இந்த வீட்டோட அடையாளங்கள்ல ஒண்ணு.

ஏன் இப்படி ஒரு கை உருவாச்சு? என் கணிப்பு இது. வீணை சத்தம் சின்னது. மீட்டின நிமிஷமே தேய ஆரம்பிச்சிடும். மைக் இல்லாத காலத்துல ஒரு கல்யாண வீட்டு வளவுல உக்காந்து, கடைசி வரிசை ஆளுக்கும் கேக்கணும்னா அழுத்தி மீட்டியே ஆகணும். அதே காலத்துல சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுலயே, விஷயம் தெரிஞ்ச சிலருக்காக மட்டும் வாசிச்சார். அங்கே மீட்டு பூ மாதிரி மென்மை. இதுல எது உசத்தின்னு சண்டை வேண்டாம். கேக்கறவங்க உக்காந்திருந்த இடமும் கையைச் செதுக்கும்னு மட்டும் சொல்றேன்.

அப்புறம் காலம் மாறுச்சு. 1930களில் அண்ணன் காலமானார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில அடி வாங்கின செட்டிநாட்டுத் தொழிலை, 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள்ள நுழைஞ்சது இன்னும் புரட்டிப் போட்டுச்சு. குருகுலமா வீட்டுலயே தங்கிக் கத்துக்கிட்ட சின்னப் பொண்ணு ரங்கநாயகி, பிறகு சாம்பசிவ ஐயரோட மேடையில சேர்ந்து வாசிச்சார். மறுபடியும் ரெண்டு வீணை! 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது சாம்பசிவ ஐயருக்குக் கிடைச்சது. கடைசிக் காலத்துல ருக்மிணி தேவியோட கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்தார். 1958-ல் மறைந்தார். திண்ணையில இருந்த வித்தை வகுப்பறைக்குப் போனது இப்படித்தான்.

அதுக்குள்ள வெளியே வேற புயல். 'அந்த நாள்' (1954) இயக்கின எஸ். பாலசந்தர் யார்கிட்டேயும் போகாம தானே வீணை கத்துக்கிட்டு, ஒரே மெட்டுல தந்தியை இழுத்து இழுத்து நாலஞ்சு சுரம் எடுத்தார். ஈமனி சங்கர சாஸ்திரியோட சீடர் சிட்டி பாபு பாட்டு மாதிரியே குழைஞ்சு வாசிச்சு ஜனங்களைக் கட்டிப்போட்டார். மைக்கும் பிக்கப்பும் வந்த பிறகு ஒரு மீட்டு நீண்ட நேரம் நிக்குது. இழுக்க அவகாசம் கிடைக்குது. அழுத்தி மீட்டணும்ங்கற கட்டாயம் போயிடுச்சு. அப்ப காரைக்குடிக் கை தேவையத்துப் போச்சா?

இல்லைங்கறதுதான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம். கட்டாயத்துல பிறந்தது, கட்டாயம் போனப்புறமும் அழகுக்காக நின்னுச்சு. ரங்கநாயகி ராஜகோபாலன் 2018-ல் காலமாகறவரைக்கும் அந்த மீட்டைக் காப்பாத்தினார். அதே குடும்பத்து ராஜேஸ்வரி பத்மநாபன் கலாக்ஷேத்ராவில் கத்துக்கிட்டு, கமகத்துல இன்னும் கொஞ்சம் பாட்டுத்தன்மை சேர்த்து வாசிச்சதாத்தான் என் காதுக்குப் படுது. சாம்பசிவ ஐயரோட வளர்ப்பு மகன் காரைக்குடி எஸ். சுப்ரமணியன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்ட விஷயமே வீணை மரபும் தனிமனிதப் பாணியும்தான். சொத்துக்கு வாரிசே அதைப் பிரிச்சுப் பார்த்து ஆராய்ச்சி பண்ணியிருக்கார்! 1989-ல் சென்னையில 'ப்ருஹத்வனி'யையும் தொடங்கினார்.

எங்க ஊருக்கு வர்றவங்க ஆயிரம் ஜன்னல் வீட்டைப் போட்டோ எடுப்பாங்க, கண்டாங்கிச் சேலை வாங்குவாங்க, கோழி வறுவல் சாப்பிடுவாங்க. தப்பில்லை. ஆனா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பாதுகாக்கணும்னு பேசற நாம, அந்த வளவுகள்ல கேட்ட மீட்டைப் பத்தி எங்கேயாவது பேசறோமா? தூணைத் துடைச்சு வச்சா நிக்கும். பாணிக்கு அது பத்தாது, யாராவது தினம் வாசிக்கணும், வாசிக்கிறப்ப கொஞ்சம் மாத்தவும் செய்யணும். சாம்பசிவ ஐயர் வாசிப்பும் ரங்கநாயகி வாசிப்பும் பதிவா இருக்கு. தேடி, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணாக் கேளுங்க. எது மாறுச்சு, எது மாறலைன்னு உங்க காதே சொல்லும்.