ஒவ்வொன்றாகத் தடுத்தால் போதுமா? பிஃபாஸும் வாஷிங்டன் மாநிலச் சட்டங்களும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரை ஒட்டி ஏர்வே ஹைட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று 2017 மே மாதம் அங்குள்ள மக்களுக்கு அறிவிப்பு வந்தது. பக்கத்து ஃபேர்சைல்டு விமானப்படைத் தளத்தில் பயன்படுத்திய தீயணைப்பு நுரை மண்ணில் இறங்கி, ஊர்க் கிணறுகளை எட்டியிருந்தது. ஓராண்டு முடிவதற்குள், 2018 மார்ச்சில், அம்மாநிலம் தீயணைப்பு நுரைக்கு ஒன்றும் உணவுப் பொட்டலத் தாளுக்கு ஒன்றுமாக இரண்டு சட்டங்களை இயற்றியது. இரண்டுக்கும் இலக்கு ஒன்றுதான்: பிஃபாஸ் எனப்படும் புளூரின் வேதிப்பொருள்கள். தனித்தனிச் சேர்மங்களை விட்டுவிட்டு ஒரு குடும்பத்தையே தடுத்ததில்தான் இச்சட்டங்களின் பலம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நுரைக்கும் பீட்சா பெட்டிக்கும் என்ன உறவு? எரியும் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால், பெட்ரோல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே இருக்கும். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் உருவாக்கிய நுரையோ எரிபொருளின்மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி, ஆவி எழாமல் மூடிவிட்டது. 1967இல் ஃபாரஸ்டல் போர்க்கப்பலில் மூண்ட தீ 134 பேரைப் பலிகொண்ட பிறகு இந்த நுரைக்கு மதிப்பு கூடியது. பர்கர் சுற்றும் தாளில் எண்ணெய் ஊறாமல் முத்துமுத்தாக நிற்கச் செய்ததும் இதே குடும்பப் பொருள்தான். கரிமமும் புளூரினும் கொள்ளும் பிணைப்பு அவ்வளவு எளிதில் அறுவதில்லை. அந்த வலிமையே கேடாகவும் ஆகிறது. மனித இரத்தத்தில் சேர்ந்த பிஎஃப்ஓஏ என்ற பிஃபாஸ் சேர்மம் பாதியாகக் குறையவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் வகைப்படுத்தியது.

ஆனால் உலக அளவில் தடை ஒவ்வொரு சேர்மமாகவே வந்தது. எளிதில் அழியாத கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இக்குடும்பத்தின் பிஎஃப்ஓஎஸ் 2009இலும் பிஎஃப்ஓஏ 2019இலும் பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 2022இலும் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கொண்ட குடும்பத்துக்கு இந்த வேகம் எப்படிப் போதும்?

உணவுத் தாளில் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட சில புளூரின் பொருள்களுக்குத் தந்திருந்த அனுமதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 ஜனவரியில் ரத்து செய்தது. சங்கிலி குறுகினால் தீங்கும் குறையும் என்ற நம்பிக்கையில் வேறு பொருள்கள் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்திருந்தன. அவற்றில் ஒருவகைப் பொருள் எலிகளின் உடலில் தங்குவதை ஆய்வுகள் காட்டின. 2020இல் உற்பத்தியாளர்கள் அதையும் படிப்படியாகக் கைவிட ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தாளில் சுற்றிய உணவை மக்கள் உண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

வாஷிங்டன் சட்டம் இந்தச் சுழலை ஒரு வரையறையால் அறுத்தது: முழுதும் புளூரினேற்றிய கரிம அணு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தடைக்குள் வரும். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. பாதுகாப்பான மாற்று இருக்கிறது என்று மாநிலச் சூழலியல் துறை கண்டறிந்த பிறகே உணவுப் பொட்டலத் தடை நடப்புக்கு வரும். அப்படித்தான் பீட்சா பெட்டி, தட்டு, சுற்றும் தாள் உள்ளிட்ட நான்கு வகைகளுக்கு 2023 பிப்ரவரியிலும், கிண்ணம், பை முதலிய ஐந்து வகைகளுக்கு 2024 மேயிலும் தடை வந்தது. காத்திருந்த ஆண்டுகள் இழப்புதான். ஆனாலும் ஒரு நஞ்சின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காராமல் தடுக்க இதைவிட நல்ல வழி தென்படவில்லை.

நுரை விஷயத்தில் எழும் எதிர்வாதம் கனமானது, உயிர் சம்பந்தப்பட்டது. புளூரின் இல்லாத நுரை நீர்ப்படலம் உண்டாக்காது. எந்த எரிபொருளுக்கு எந்த நுரை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். வீரர்களும் பீய்ச்சும் முறையை மாற்றிப் பழக வேண்டும். சட்டம் இதைக் கணக்கில் எடுத்தே நடந்தது. 2018 ஜூலையில் பயிற்சிப் பயன்பாட்டை மட்டும் நிறுத்தியது. விற்பனைத் தடை 2020 ஜூலையில்தான் வந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் சட்டப்படி அந்த நுரையை வைத்திருந்தாக வேண்டிய விமான நிலையங்களுக்கும் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே புளூரின் இல்லாத நுரைக்குத் தர நிர்ணயம் வெளியிட்டது. முடியாது என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வாஷிங்டனின் பொட்டலச் சட்டம் ‘வேண்டுமென்றே சேர்த்த’ பிஃபாஸை மட்டுமே தடுக்கிறது. ஆய்வகத்தில் ஒரு தட்டில் புளூரின் தென்பட்டாலும், அது தற்செயலாகக் கலந்தது என்று உற்பத்தியாளர் வாதிடலாம். உணவைத் தொடும் பொட்டலங்களுக்கு 2026 ஆகஸ்ட் முதல் பொருந்தும் ஐரோப்பிய விதி, தனி பிஃபாஸ் ஒன்றுக்கு நூறு கோடியில் 25 பங்கு என்று எண்ணாகவே வரம்பு கட்டுகிறது. நோக்கத்தை நிரூபிக்கும் சுமையை அதிகாரியின் தலையிலிருந்து இறக்க, வாஷிங்டன் சட்டத்துக்கும் அத்தகைய எண் வேண்டும்.