கைநாட்டும் ஆளடையாளமும்

பத்திரமொன்றில் ஒப்பம் இருக்கிறது என்பது ஒன்று. அதனை இட்டவர் இன்னார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து உறுதிகூறுவதே நொத்தாரிசின் கடமையாகும்.

இலங்கையில் காணி உறுதிகள் நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டுமென 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு தாமே அறிந்திருத்தல் வேண்டும், அன்றேல் சாட்சிகள் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்றது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். மனிதரை மனிதர் அறிந்திருப்பதே அங்கு முதற்சான்று.

எழுத்தறியாதார்க்குக் கைநாட்டே ஒப்பமாயிற்று. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையடையாளத்தைப் பத்திரத்திற் பதிப்பித்தார். 1877இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் விரலடையாளத்தைப் பயன்படுத்தினார். ஆயினும், நேற்று ரேகை பதித்தவரும் இன்று பதிப்பவரும் ஒருவரே என்று மட்டுமே ரேகை கூறும். அவர் பெயரையோ பிறந்த ஊரையோ அது கூறாது.

இக்குறையின் சுமையை மலைநாடு நன்கறியும். கெகெல்கமு ஓயாவை அடுத்த நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் தலைமுறையாக அறிவர். ஆனால் லயத்தில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும், செக்ரோலில் எழுதிய பெயர் வேறொன்றாகவும் இருப்பதுண்டு. பிறப்புப் பதிவே இல்லாதவரும் உளர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டப்படி பிரசாவுரிமை கோரியவர்கள், 1946 சனவரி 1க்கு முன்னர் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. அயலார் அனைவரும் அறிந்த ஒருவர், எழுத்துச் சான்று போதாமையால் அந்நியராயினார்.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டம் அடையாள அட்டைக்கு வழிவகுத்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது.

ஆளறிதல் இருமுகம் கொண்டது. பிறர் பெயரில் ஒப்பமிடுவோனைத் தடுப்பது ஒரு முகம். தன் பெயரில் ஒப்பமிட வந்தவரைத் தடையின்றி ஏற்பது மறுமுகம். முன்னதில் காட்டும் கண்டிப்புப் பின்னதை மறக்கச் செய்யுமாயின், காக்க வந்த சட்டமே உரியவரின் உரிமையைப் பறித்ததாகும் அன்றோ!