அயர்லாந்துத் தொழிற்பள்ளிகளும் சான்றுரையின் நிலையும்

வரலாற்று மூலங்களை வகைப்படுத்துமிடத்துக் கல்வெட்டு, செப்பேடு, அரசாணை என்பவற்றை முதற்கண் கூறி, வாய்மொழியைக் கடைசியில் வைப்பது நம் வழக்கம். எழுதப்பட்டது நிலைபெறும், பேசப்பட்டது திரியும் என்பது அதற்குக் காட்டப்பெறும் காரணம். எழுதியவர் யார், ஏடு யாருடைய காவலில் இருந்தது என்னும் வினாக்களை நாம் அவ்வளவு வற்புறுத்திக் கேட்பதில்லை. அவற்றைக் கேளாமல் அயர்லாந்துத் தொழிற்பள்ளிகளின் வரலாற்றை எழுத இயலாது. அப்பள்ளிகளிற் சிறுவராயிருந்து துன்புற்றோர், முதிர்ந்த வயதில் தம் சொல்லையும் சான்றாகக் கொள்ளுமாறு நடத்திய போராட்டத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘தொழிற்பள்ளி’ என்னும் பெயர் மயக்கந் தருவது. தொழில் கற்க விரும்பியோர் சென்று சேர்ந்த இடமன்று அது; நீதிமன்ற ஆணையால் சிறுவரைப் பதினாறு வயது வரை அடைத்துவைத்த இடம். அயர்லாந்து ஆங்கில ஆட்சியின் கீழிருந்தபோது, 1868ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறை தோன்றியது. 1908ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தால் உறுதிபெற்றது. 1922இல் தனியரசு அமைந்த பின்னும் அது மாறவில்லை. சிறுவருட் பெரும்பாலோர் குற்றம் புரிந்தவரல்லர். வறுமை, தக்க காப்பாளர் இன்மை, பிச்சையெடுத்தல், பள்ளிக்குச் செல்லாமை என்பனவே அவர்கள்மேல் சாற்றப்பட்டவை. ஆயினும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டமையால் தம்மைக் குற்றவாளிகளாகவே எண்ணி வாழ்நாள் முழுதும் நாணியவர் பலர்.

பள்ளிகளை நடத்தியவை துறவியர் சபைகள். மேற்பார்வை கல்வித் துறையினுடையது. அரசு தலைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை அளித்தது. சிறுவர் தொகை குறைந்தால் வருவாயும் குறையும். இவ்வொரு விதியை மனத்திற்கொண்டால், ஏழைத் தாயிடம் கொடுத்திருக்கவேண்டிய பணம் பள்ளிக்குப் போனதன் காரணம் ஒருவாறு விளங்கும். டப்ளின் நகரை அடுத்த ஆர்ட்டேன் பள்ளியில் ஒரு காலத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட சிறுவர் இருந்தனர்.

உண்மை அக்காலத்தில் யாருக்கும் தெரியாது என்று கூறுதல் பொருந்தாது. 1936இல் கசன் குழு இப்பள்ளிகளை ஆராய்ந்து, சில திருத்தங்களைக் கூறி, முறையை ஏற்றுக்கொண்டது. அயர்லாந்திற் பிறந்து அமெரிக்காவிற் சிறுவர் இல்லம் நிறுவிப் புகழ்பெற்ற பிளானகன் அடிகள் 1946இல் தாய்நாட்டுக்கு வந்து இந்நிலையை வெளிப்படையாகக் கண்டித்தார். நீதியமைச்சர் அவர் கூற்றை நாடாளுமன்றத்தில் மறுத்துரைத்தார். 1968இல் கென்னடி குழுவினர் டெயிங்கன் சீர்திருத்தப் பள்ளிக்குச் சென்றபோது, சிறுவரை ஆடை களைந்து சவுக்கால் அடிக்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரியவந்தது. 1970இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பழைய முறையையே ஒழிக்கவேண்டுமெனத் துணிந்துரைத்த சிறப்புடையது. ஆனால் அவ்வடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அச்செய்தி அலுவலகக் கடிதங்களோடு நின்றுவிட்டது. குறை அறியாமையில் இல்லை. அறிந்ததை ஏட்டிலேற்ற மறுத்தமையில் இருந்தது.

இதற்குப் பீட்டர் டைரலின் வாழ்வினும் தெளிவான சான்று வேண்டா. கால்வே மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் 1916இற் பிறந்த அவர், எட்டு வயதில் லெட்டர்பிராக் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1932 வரை அங்கிருந்தார். தையற்றொழில் கற்றார், பின்னர் ஆங்கிலப் படையிற் சேர்ந்து இரண்டாம் உலகப்போரில் செருமானியரிடம் சிறைப்பட்டார். பள்ளியில் தாம் பட்டதை நோக்கச் செருமானியர் சிறை மேலானது என்று அவர் எழுதியிருப்பது மிகைக்கூற்றன்று என்பதை அவருடைய அமைந்த நடையே காட்டும். சபையினருக்கு எழுதினார்; பயனில்லை. பள்ளிகளில் அடிப்பதை எதிர்த்துவந்த மேலவை உறுப்பினர் ஓவன் ஷீஹி ஸ்கெபிங்டன் ஒருவரே செவிசாய்த்தார். அவர் தூண்டுதலால் டைரல் தம் வரலாற்றை எழுதினார். 1967 ஏப்ரலில் இலண்டனில் ஹாம்ஸ்டெட் வெளியில் தமக்குத் தாமே தீயிட்டு மாண்டார். உடலருகே கிடந்த கிழிந்த அஞ்சலட்டையில் எஞ்சிய சொற்களைக் கொண்டு அவர் யாரென அறிய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. கையெழுத்துப்படி ஸ்கெபிங்டனின் தாள்களுக்கிடையே கிடந்து, 2006இல் நூலாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் வேறு குரல்கள் எழுந்தன. மானிக்ஸ் பிளின் 1983இலும், பேடி டாயில் 1988இலும் தம் பட்டறிவை நூலாக்கினர். கோல்டன்பிரிட்ஜ் பள்ளியைப் பற்றிக் கிறிஸ்டின் பக்லி கூறியவை 1996இல் தொலைக்காட்சியில் வந்தன. 1999இல் மேரி ராப்டரி உருவாக்கிய மூன்று பகுதித் தொடர் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு மே 11ஆம் நாள் தலைமையமைச்சர் பெர்ட்டி அகர்ன் அரசின் சார்பில் மன்னிப்பு வேண்டினார். பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்பேனும் இருந்தது. இவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ஏடுகள் எதிர்வழக்காடுவோரிடமே இருந்தன.

2000இல் விசாரணை ஆணையம் சட்டப்படி அமைந்தது. முதல் தலைவரான நீதிபதி மேரி லபாய், கல்வித் துறை ஆவணங்களை உரியவாறு தந்துதவாமை முதலிய தடைகளால், 2003இல் விலகல் அறிவித்தார். பின்வந்தவர் ஷான் ரயன். ஐந்து தொகுதிகளாக அமைந்த அறிக்கை 2009 மே 20இல் வெளிவந்தது. ஆணையத்தின் ஒரு பிரிவு மட்டும் 1,090 பேரின் வாய்மொழியைக் கேட்டுப் பதிவுசெய்தது. ஆண்பிள்ளைகளின் பள்ளிகளில் பாலியற் கொடுமை வேரூன்றியிருந்தது என்றும், கல்வித் துறை சபைகளுக்குப் பணிந்து நடந்தது என்றும் அறிக்கை முடிவு கூறியது. நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. உரோமையிலிருந்த சபையின் சொந்த ஆவணங்களே, தவறிழைத்த சகோதரர் சிலரைச் சபை தன்னுள் விசாரித்ததைக் காட்டின. திரியும் என்று ஒதுக்கப்பட்ட வாய்மொழியை, மறைத்து வைக்கப்பட்ட ஏடு மெய்ப்பித்தது.

ஆயின் ஒப்புதல் வந்த கையோடு வாய்ப்பூட்டும் வந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு வாரியத்தின் வழிப் பதினையாயிரவர்க்கு மேல் பணம் பெற்றனர். ஆனால் அங்கு நிகழ்ந்ததை, தொடர்புடையோர் இன்னாரென அறியுமாறு வெளியிடுதல் தண்டத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றமாயிற்று. அதே ஆண்டில் அரசு சபைகளிடமிருந்து 12.8 கோடி யூரோ பெறுவதென உடன்பட்டு, வழக்குப் பொறுப்பைத் தானே ஏற்றது. மொத்தச் செலவோ பின்னர் 150 கோடி யூரோவை எட்டியது. பேசுவதற்கென்றே அரைநூற்றாண்டு காத்திருந்தவரை மீண்டும் பேசாதிருக்கச் செய்த இச்சட்டத்தை நேரிய நீதி என்று கொள்ள என்னால் இயலவில்லை. தனியர் மறைவைக் காத்தல் வேறு. தன் கதையைத் தானே சொல்ல அஞ்சும்படி ஒருவரை ஆக்குதல் வேறு. 2019இல் ஆணையத்தின் ஏடுகளையும் வாரியத்தின் ஏடுகளையும் 75 ஆண்டுகள் முத்திரையிட்டு வைக்க ஒரு சட்டமுன்வடிவு வந்தது. உயிர்பிழைத்தோரும் வரலாற்றாசிரியரும் எதிர்த்தனர். அது சட்டமாகாமலே நின்றது.

சபையொன்று தொடுத்த வழக்கினைத் தொடர்ந்து, கொடுமை செய்தோர் பெயரை அறிக்கையிற் குறிப்பதில்லை என்று ஆணையம் 2004இல் முடிவு செய்திருந்தது. துன்புற்றோர்க்கும் மாற்றுப் பெயர்களே இடப்பட்டன. லெட்டர்பிராக் பற்றிய இயலில் பீட்டர் டைரலின் கதை விரிவாகவே வருகின்றது. அவர் நூல் அவர் பெயராலேயே வெளிவந்து மூன்றாண்டு கழிந்திருந்தும், அங்கும் அவர் வேறொரு பெயராலேயே குறிக்கப்படுகின்றார்.